வீட்டு வேலை: பேசாமல் விட்டதுதான் சண்டையாகிறது

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி, வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் எழுதியவை. மீதி, அந்த வேலைக்குப் போகிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எழுதியவை. இரண்டையும் பிரிக்காமல் இங்கே சேர்த்தே தந்திருக்கிறோம்.

புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பாத்திரம் தேய்க்க, வீடு பெருக்கித் துடைக்க, மெஷினிலிருந்து துணி எடுத்து உலர்த்தி மடிக்க ஓர் அம்மாவிடம் பேசினேன். 4,500 ரூபாய் கேட்கிறார். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலோ, ‘இங்கே ஒரு வேலைக்கு 1,200தான், யாரும் ஏத்திக் கொடுக்காதீங்க’ என்கிறார்கள். எது நியாயம்?
– வாசகி, மடிப்பாக்கம்

‘ஒரு வேலைக்கு இவ்வளவு’ என்ற பேச்சில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் பாத்திரம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லிப் பானை, மூன்று குக்கர், அடிப்பிடித்த பால் பாத்திரம் என்று சிங்க் நிறைந்து கிடக்கிற வீட்டில் முக்கால் மணி நேரமும் போதாது. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் யாரோ ஒருவர் ஏமாறுகிறார், அது பெரும்பாலும் தேய்க்கிறவர்தான்.

நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு பேர், இரண்டு படுக்கையறை வீடு என்றால் பாத்திரத்துக்கு 40 நிமிடம், பெருக்கித் துடைக்க 35, துணிக்கு 15 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். மாதம் 4 நாள் விடுமுறை போக 26 நாள், ஆக 39 மணி நேரம். அவர் கேட்கிற 4,500ஐ 39ஆல் வகுத்தால் மணிக்கு 115 ரூபாய் வருகிறது. மணிக்கு 100 என்று பேசி முடித்தால் 3,900. இப்போது நீங்கள் பேரம் பேசுவது எதைப் பற்றி என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கிற நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள். சொன்ன நேரத்தைவிட இருபது நிமிடம் கூடுதலாகப் பிடித்தால் சம்பளத்தைத் திருத்துங்கள், இல்லையென்றால் வேலையைக் குறையுங்கள்.

தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது அது மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. அதைக் காட்டி இன்று யாரும் சம்பளம் பேசக் கூடாது. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான கோடுதான் அது. குடியிருப்போர் குழு கூடி ‘இதற்கு மேல் தராதீர்கள்’ என்று சொல்வதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அந்தக் குழுவில் வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. அவர் இல்லாமல் அவருடைய கூலியைத் தீர்மானிப்பது தவறு. நீங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

சம்பளத்தைவிட அதிகச் சண்டையை இழுப்பது ‘மேல் வேலை’. ‘அப்படியே இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடுத்துடும்மா’ என்பது மூன்றாம் வாரத்தில் தினசரி வேலையாகிவிடும். அதனால் முதல் நாளே பேச வேண்டியவை சில உண்டு. பாத்திரம் ஒரு வேளையா, இரண்டு வேளையா? பாத்ரூம் கழுவுவது இதில் சேருமா, தனியா? மின்விசிறி, ஒட்டடை, ஜன்னல் கம்பி மாதம் ஒருமுறையா? விருந்தாளி வந்து தங்கினால் நாளுக்கு எவ்வளவு கூடுதல்? பொங்கலுக்கு வீடு ஒழிப்பது தனிக் கூலிதானே? பேசியதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, இருவர் கைபேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா மாதம் 6 நாள் லீவு எடுக்கிறார். 2 நாள் சம்பளம் பிடித்தேன். ‘போன மாசம் ஞாயித்துக்கிழமை வந்தேனே, அதுக்குக் கம்மியா குடுத்தீங்க’ என்று சண்டைக்கு வருகிறார். காலையில் வருவதும் தாமதம்.
– வாசகர், திருவான்மியூர்

நீங்கள் எப்படி வகுத்தீர்கள் என்று பாருங்கள். 3,900 ரூபாய் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 150. 30ஆல் வகுத்தால் 130. பிடிக்கும்போது 26, கூடுதலாக வந்த நாளுக்குக் கொடுக்கும்போது 30 என்று பல வீடுகளில் நடக்கிறது. தெரிந்து செய்கிறவர்களும் உண்டு, தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு. உங்கள் அக்காவுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும் 26 என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை முடிந்தது.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து நாள் ஊருக்குப் போனபோது சம்பளம் பிடித்தீர்களா? பிடித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பத்து நாளும் உங்கள் வீட்டு நேரத்தை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. வேலை இல்லாமல் போனது உங்களால், அவரால் அல்ல.

தாமதத்துக்கு வருவோம். சென்னையின் நடுவே குடிசையில் இருந்து, நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட பெண்களில் பலர் இன்றும் பழைய பகுதிகளுக்கே வேலைக்கு வருகிறார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். அது வராவிட்டால் டிக்கெட் எடுத்து வேறு பேருந்தில் ஏற வேண்டும், இல்லை காத்திருக்க வேண்டும். உங்கள் அக்கா எங்கிருந்து வருகிறார் என்று கேளுங்கள். ‘7 மணி’ என்பதை ‘7லிருந்து 7:40க்குள்’ என்று மாற்றினால் நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காலை காபிக்கு வேண்டிய பாத்திரத்தை மட்டும் இரவே கழுவி வைத்துவிடுங்கள்.

அம்மா ஒரு வீட்டில் முழுநேர வேலை செய்கிறார். சம்பளம் 6,000. என் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த வீட்டில் 20,000 அட்வான்ஸ் வாங்கினார். ஒன்றரை வருடமாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ‘இன்னும் பாக்கி இருக்கு, முடியாம போகக் கூடாது’ என்று ஆதார் அட்டையையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– மாணவி, மதுரை மாவட்டம்

முதலில் ஒரு நோட்டை எடுத்து அம்மாவை உட்கார வைத்து எழுதுங்கள். எந்த மாதம் கையில் எவ்வளவு வந்தது? 6,000த்தில் அதைக் கழித்தால் அந்த மாதம் பிடித்த தொகை. மாதம் 1,500 வீதம் பிடித்திருந்தால் 13 மாதத்தில் 19,500, பதினான்காம் மாதம் 500 பிடித்தால் கடன் தீர்ந்தது. ஒன்றரை வருடம் என்றால் 18 மாதம். மாதம் 1,200க்குக் குறையாமல் பிடித்திருந்தாலே 20,000 தாண்டிவிட்டது. ஒரு மாதம் நினைவில்லை என்றால் அந்த மாதம் பண்டிகை எது, வீட்டில் என்ன செலவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள், தொகை ஞாபகம் வரும்.

கணக்கு தயாரானதும் அந்த வீட்டில் அதைக் காட்டிக் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம். ‘எங்க கணக்கு இது, உங்க கணக்கைக் காட்டுங்க’ என்று மட்டும் சொன்னால் போதும். பல வீடுகளில் கணக்கே இருக்காது.

பாக்கி உண்மையாகவே இருந்தாலும் அதற்காக அம்மா அங்கேயே வேலை செய்தாக வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கடனைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் குற்றம். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் மட்டும் வந்த சட்டம் என்று நினைக்காதீர்கள், நகரத்து வீட்டுக்கும் பொருந்தும். அசல் ஆதாரை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. கேட்டும் தராவிட்டால் கோட்டாட்சியரிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளிலோ மனு கொடுங்கள். சம்பளம், கொடுத்த முன்பணம், பிடித்தது, ஆதார் யாரிடம் இருக்கிறது என்று நான்கு வரி போதும். மனுவின் நகலில் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

முன்பணம் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்காதீர்கள். இரண்டு நோட்டு போட்டு, இரண்டிலும் ஒரே தேதியில் ஒரே தொகையை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு நோட்டு அவரிடம் இருக்க வேண்டும்.

மூன்று பவுன் சங்கிலியைக் காணவில்லை. வீட்டு வேலைக்கு வருபவர்மேல்தான் சந்தேகம். பையைச் சோதனை போடலாமா? நேராக போலீஸுக்குப் போகலாமா?
– வாசகி, கோவை

பையைத் தொடாதீர்கள். ஆடையைச் சோதிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். நகை அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அந்தச் செயல் உங்கள்மேல் புகாராகத் திரும்பலாம், திரும்பினால் அது நியாயமும்கூட.

ஒரு நாள் முழுவதும் தேடுங்கள். வாஷிங் மெஷின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். முன்பக்கக் கதவுள்ள மெஷின் என்றால் கீழே உள்ள வடிகட்டியையும் திறந்து பாருங்கள், அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டுத் திறந்தால் தண்ணீர் தரையில் கொட்டாது. தலையணை உறை, மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் இடையே, குளியலறை நீர்ப்போக்கியின் ஜாலி, கழற்றிப் போட்ட நைட்டியின் பை, சாமி அலமாரி, கைப்பை உள்ளறை எல்லாம் பாருங்கள். அடகு வைத்த ரசீதோ லாக்கரில் வைத்த குறிப்போ இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். சொல்லாமல் அடகு வைத்தது சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கிடைக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகாரில் நகையின் எடை, மாதிரி, வாங்கிய ரசீது, கடைசியாகப் பார்த்த தேதி, அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்த அத்தனை பேர் என்று வரிசையாக எழுதுங்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், பிளம்பர், உங்கள் மைத்துனர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். கண்ணால் பார்க்காமல் ‘இவர்தான் எடுத்தார்’ என்று எழுதாதீர்கள். வேலை செய்பவர் வீட்டு உரிமையாளரின் பொருளைத் திருடுவதற்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் ஒரு வரிச் சந்தேகம் ஒருவர் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

வேலை செய்கிற பெண்களும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதென்றாலும் பெண் போலீஸ் அதிகாரிதான், நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்) முன் அனுமதியோடு செய்ய வேண்டும்.

சந்தேகத்தின் பேரில் நிறுத்துவது என்று முடிவு செய்தால், வேலை செய்த நாள் வரைக்குமான சம்பளத்தை அன்றே முழுதாகக் கொடுங்கள். நகைக்கு ஈடாகச் சம்பளத்தைப் பிடிக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. இனி ஆள் வைக்கும்போது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவரைச் சரிபார்க்கும் சேவை இருக்கிறது, அவரிடம் சொல்லிவிட்டே விண்ணப்பியுங்கள். நகையைப் பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு.

எங்கள் மாமியார் வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார். பாத்ரூமும் பயன்படுத்த விடுவதில்லை. நான் எப்படி எடுத்துச் சொல்வது?
– வாசகி, திருச்சி

எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். நாளைக் காலை உங்கள் வீட்டு டம்ளரில் காபி ஆற்றி நீங்களே அவர் கையில் கொடுங்கள். தனி டம்ளர் எங்கிருந்து வந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 17-வது கூறு ஒழித்த ஒன்றைச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறோம்.

பாத்ரூம் விஷயம் இதைவிட அவசரம். காலை 6 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி நான்கைந்து வீடு முடித்து மதியம் 2 மணிக்குத் திரும்புகிற பெண், அதுவரை சிறுநீரை அடக்குகிறார். போக இடமில்லை என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவது இப்படித்தான். மாதவிடாய் நாளில் நிலைமை இன்னும் மோசம். அவராகக் கேட்க மாட்டார். ‘இந்த பாத்ரூமை யூஸ் பண்ணிக்கோங்கக்கா’ என்று கதவைக் காட்டி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு விரலிடுக்கெல்லாம் வெந்து, வெள்ளையாகத் தோல் உரிகிறது. பாத்ரூம் கழுவினால் இருமுகிறார்.
– வாசகி, சேலம்

இரண்டும் வேறு வேறு. கை நாளெல்லாம் சோப்புத் தண்ணீரிலேயே ஊறுவதால் தோலின் எண்ணெய்ப்பசை போய், ஈரம் தங்குகிற விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கிறது. ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்குங்கள், அவர் கை அளவைப் பார்த்து. பெரிதாக இருந்தால் கழன்று உள்ளே தண்ணீர் போகும், அதற்குப் போடாமலே இருக்கலாம். வேலை முடிந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப் போட வேண்டும். ஏற்கெனவே புண் இருப்பதால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு பூஞ்சையை மறைத்து வளர்த்துவிடும்.

இருமலுக்குக் காரணம், ஆசிட் கலந்த டாய்லெட் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுவதாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறிய பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தால் நுரையீரலைப் பிடிக்கும். ஒரு நாள் ஒன்றுதான், அதுவும் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து. கண் எரிந்தால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே வெளியே அழைத்து வந்து, அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு. பாட்டில்களில் எது ஆசிட் என்று தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள். வாட்டர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே கொட்டிவிடுங்கள்.

நல வாரியத்தில் பதிவதால் என்ன பயன்? நாங்கள் சம்பளம் கொடுக்கும் வீட்டுக்காரர்கள், எங்களால் ஆகக்கூடியது என்ன?
– வாசகர், தாம்பரம்

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-ல் தொடங்கப்பட்டது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும் 60க்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், வயதுச் சான்று, வேலை செய்வதற்கான சான்று வேண்டும். பலர் நிற்பது இந்தக் கடைசிச் சான்றில்தான். ‘எங்கள் வீட்டில் இந்தத் தேதியிலிருந்து வேலை செய்கிறார்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். அதனால் உங்களுக்கு ஒரு சுமையும் வராது, தயங்காமல் கொடுங்கள். விண்ணப்பம் திரும்பி வர இன்னொரு காரணம், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் வேறு எழுத்து. விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல வாரிய அட்டையில் புதுப்பிக்கும் தேதியை நீங்களும் குறித்து வைத்து ஞாபகப்படுத்துங்கள்.

இரண்டு காப்பீடுகளுக்குப் பணம் கட்டுங்கள். விபத்துக் காப்பீடான பிரதமர் சுரக்ஷா பீமா ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை. ஆயுள் காப்பீடான ஜீவன் ஜோதி பீமா 436 ரூபாய், 50 வயது வரை சேரலாம். இரண்டுக்குமே தலா 2 லட்சம். அவர் கணக்குள்ள வங்கியிலேயே படிவம் கொடுப்பார்கள். இதில் தவறுவது ஒன்றுதான். பிரீமியம் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும், அன்று இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு போயிற்று. மே 20 வாக்கில் 456 ரூபாயை அவர் கணக்கில் போட்டுவிட்டு, எடுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

தீபாவளிக்குப் புடவையும் ஸ்வீட்டும் கொடுத்தால் போதாதா?
– வாசகி, ஈரோடு

போதாது. ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கம். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது என்றால் சம்பளத்தை 12ஆல் வகுத்து 7ஆல் பெருக்குங்கள். 3,900க்கு 2,275 வரும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்தால்தான் அவர் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியும். புடவை உங்கள் விருப்பம். கட்டிப் பழசானதைக் கொடுத்துவிட்டு போனஸ் என்று சொல்லாதீர்கள்.

கிராமத்திலிருந்து தூரத்துச் சொந்தத்தில் 13 வயதுப் பெண்ணை அனுப்புகிறேன் என்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டு இங்கேயே படிக்கட்டும் என்று.
– வாசகர், ஓசூர்

வேண்டாம். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, சொந்தக்காரப் பிள்ளை என்று பெயர் மாற்றினாலும் அது வேலைதான். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்தால் கட்டணத்தை ஊருக்கு அனுப்புங்கள். வேறு வீட்டில் இப்படிப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள்.

நான் வேலை செய்யும் வீட்டில் ஐயா, அம்மா இல்லாத நேரம் பார்த்துத் தொந்தரவு செய்கிறார். சொன்னால் யார் நம்புவார்கள்? பெயர் போட வேண்டாம்.

உங்களை நம்புகிறோம். 2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை செய்கிற வீடும் பணியிடம் என்றே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்டச் சமூக நல அலுவலரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. முகாந்திரம் இருந்தால் 7 நாளுக்குள் போலீஸுக்கு அனுப்பியாக வேண்டும். நீங்களே நேராக மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். பேச ஆள் வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும்.

இன்றிலிருந்து தேதி, நேரம், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் குரலில் கைபேசியில் பதிந்து வையுங்கள். அவர் அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். அந்த ஐயா மட்டும் இருக்கிற நேரத்தில் உள்ளே போகாதீர்கள், அம்மா வந்த பிறகு வருகிறேன் என்று வாசலிலேயே சொல்லித் திரும்பிவிடுங்கள். வேலையை விட்டாலும் புகார் கொடுக்கலாம். பாக்கிச் சம்பளத்தையும் கேட்கலாம்.